நெருப்பும் முகமும் ஒரே படத்தில்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. சேலையூர் கேம்ப் ரோட்டில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடுப்பதெல்லாம் சர்ச் கல்யாணம். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று இந்தப் பக்கத்தில் வெள்ளைப் புடவை கட்டி ஆலயப் படியேறிய பெண்களில் பாதிப் பேராவது “ஜோவிதா அக்காவைக் கூப்பிடுங்க” என்று சொல்லியிருப்பார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. போன பிப்ரவரியில் படப்பையில் ஒரு தட்டு நெருப்பு அந்தத் திமிரை இறக்கி வைத்தது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தீபலட்சுமி கடைக்குள் வந்தாள். எதிர்வாடையில் தள்ளுவண்டியில் பஜ்ஜி போடும் கன்னியம்மாவின் ஒரே மகள், இருபத்திரண்டு வயது. சாயங்காலம் அம்மா அடுப்பைப் பற்றவைத்தால் மகள் வண்டியின் அந்தக் கோடியில் நின்று பேப்பரில் மடித்துக் கொடுப்பாள், சட்னி ஊற்றுவாள். அடுப்புப் பக்கம் ஒருநாளும் வந்தது கிடையாது. பன்னிரண்டு வயதில் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் பொங்கி எரிந்து, இடது கையும் கழுத்தும் வெந்துபோனவள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தாராம். அதிலிருந்து யார் தீக்குச்சி கிழித்தாலும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை என்னடாவென்றால் ஃபயர் அண்டு சேஃப்டி கோர்ஸில் போய்ச் சேர்ந்திருந்தது.

“உனக்கு வேற கோர்ஸே கெடைக்கலையாடி?” என்று அவள் சேர்ந்தபோதே கேட்டேன்.

“பயமா இருக்குன்னுதான்க்கா சேர்ந்தேன்” என்றாள்.

இப்போது கோர்ஸ் முடிகிற சமயம். வந்தவள் உட்காரவில்லை.

“அக்கா, வேலை கெடைச்சிருக்கு. மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனி. சேஃப்டி டீம். திங்கக்கிழமை ஜாயின் பண்ணணும்.”

“அடி சக்கை! ஸ்வீட் எங்க?”

“அம்மா போகக் கூடாதுங்குது.”

கன்னியம்மா சொன்னதை அப்படியே அம்மா குரலிலேயே சொல்லிக் காட்டினாள். “தீக்குச்சி கிய்ச்சாலே கண்ண மூடுற கய்த, நீ எங்க தீய அணைப்ப? கண்ண மூடிக்கினு நிப்ப, அது வந்து உன்ன அள்ளிக்கினு பூடும். ஒரு தபா பட்டது போதாதா?” பிராக்டிகலில் தோழி போனில் எடுத்த வீடியோவைக் காட்டியிருக்கிறாள். கன்னியம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “யார்ரீ இது? எவளோ தொப்பி போட்டுக்கினு நிக்கிறா. என் பொண்ணு மூஞ்சி எங்க?” என்று கேட்டுவிட்டாளாம்.

நானும் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. நெருப்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, ஹெல்மெட்டின் கண்ணாடி மறைப்பில் வெயில் பளபளப்பு, உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

“சரி, அன்னிக்கு நீ கண்ணைத் தொறந்திருந்தியா?”

அவள் தரையைப் பார்த்தாள். “எனக்கே தெரியலக்கா. தீ எரியுது, அப்புறம் அணைஞ்சிருக்கு. நடுவுல என்ன நடந்ததுன்னு சத்தியமா தெரியல.”

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அவளே சொன்னாள். “நாளைக்குக் கடைசி பிராக்டிகல். நீங்க வந்து எடுங்கக்கா. நெருப்பும் என் மூஞ்சியும் ஒரே படத்துல வரணும். கண்ணு தெரியணும். தொறந்திருந்தா அம்மாகிட்ட காட்டறேன். மூடியிருந்தா அம்மா சொல்றதுதான் சரி. நான் அந்த வேலைக்குப் போகல.”

பிள்ளையின் பிழைப்பே ஒரு படத்தில் தொங்குகிறது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! “இவ்வளவுதானே? சர்ச்ல நான் எடுக்காத மெழுகுவத்தியா?” என்றேன். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்ன, தாராளமாகச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவளை ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முடிச்சூர் வழியாகப் படப்பைக்குப் போனேன். அவர்கள் பயிற்சி நடக்கிற தகர ஷெட்டுக்குப் பின்னால் பொட்டல் மைதானம். நடுவில் கட்டில் அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு. அதில் தண்ணீர் ஊற்றி, மேலே டீசல் ஊற்றி, கொஞ்சம் பெட்ரோல் விட்டு, நீளக் கம்பி நுனியில் தீப்பந்தம் கட்டிப் பற்றவைப்பார்கள். தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். பயிற்சிக்கு வந்தவர் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய், கைப்பிடியில் செருகிய பின்னை இழுத்து, தீயின் அடியைப் பார்த்துப் பவுடரை அடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு தட்டு. சொல்லிக்கொடுப்பவர் பிரசன்னா என்று முப்பது வயது ஆள். பேச்சில் மட்டும் எண்பது வயது கண்டிப்பு.

தீபலட்சுமிதான் முதல். நாலரை மணி, சுள்ளென்ற வெயில். தட்டு குப்பென்று பிடித்தது. நான் முட்டி போட்டுப் படபடவென்று படம் தட்டினேன். அவள் நாலைந்து அடி போனாள், நின்றாள். முகம் ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. பவுடர் தட்டைத் தாண்டி மண்ணில் போய் விழுந்தது. பிரசன்னா ஓடிவந்து தன் சிலிண்டரால் அணைத்தார்.

அவள் தோற்றது ஊருக்கே தெரிந்தது. நான் தோற்றது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கேமராத் திரையைப் பார்த்தால் நெருப்பே இல்லை. கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக ஏதோ நின்றது.

என்ன செய்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. கேமராவுக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. வெள்ளையாக எதைக் கண்டாலும் வெளிச்சம் அதிகம் என்று பயந்து சாம்பல் நிறமாக்கிவிடும். அதனால் சர்ச் கல்யாணம் எடுக்கிற நாங்கள், புடவை வெள்ளையாக வர வேண்டும் என்று வெளிச்சத்தை ஒரு படி கூட்டியே வைப்போம். பிளஸ் ஒன்று. இருபது வருடமாக என் கட்டைவிரல் கேமராவை எடுத்ததும் தானாகப் போய் அந்தச் சக்கரத்தைத் திருப்பிவிடும். மணப்பெண்ணுக்குச் செய்த மரியாதையை நெருப்புக்கும் செய்துவிட்டேன். ஏற்கெனவே பிரகாசமாக எரிகிறதை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும்? வெந்து வெளுத்துப்போகும். போதாததற்கு ஃப்ளாஷ் வேறு போட்டிருந்தேன். அது ஹெல்மெட் கண்ணாடியில் பட்டு முகத்தை முழுசாக விழுங்கியிருந்தது.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். “என்ன சார் நீங்க, வெயிலுக்கு எதிர்ல நிக்கவைக்கிறீங்க? ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?” என்று பிரசன்னாவிடம் பாய்ந்தேன்.

“மேடம், இது ஒண்ணும் கல்யாணம் இல்ல, மோதிரத்தை இன்னொரு தரம் போடுங்கன்னு சொல்றதுக்கு” என்றார் அவர்.

சுருக்கென்று தைத்தது. நியாயமான பேச்சுதான், அதனால்தான் தைத்தது.

தீபலட்சுமி சுவர் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். “வுடுங்கக்கா, அம்மா சொன்னதுதான் சரி” என்றாள். திரும்ப பிரசன்னாவிடம் போனேன். இந்த முறை குரலை இறக்கிக்கொண்டு.

“சார், கோவத்துல பேசிட்டேன். தப்பு என் மேலதான். இன்னொரு தட்டு கெடைக்குமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆபேல்னு ஒரு கேண்டிடேட் காய்ச்சல்னு வரல. அவன் தட்டு மிச்சம் இருக்கு. ஒண்ணே ஒண்ணு. கடைசியாத்தான் தருவேன். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கச் சொல்லக் கூடாது, சொல்லிட்டேன்.”

நடுவில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு நெருப்பையும் நான் பரீட்சைக்கு வைத்துக்கொண்டேன். ஃப்ளாஷைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பிளஸ் ஒன்றை அழித்தேன். கேமரா எதையும் தானாகத் தீர்மானிக்காதபடி எல்லாவற்றையும் என் கைக்குக் கொண்டுவந்தேன். முதல் நெருப்பில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்ததும் தீயின் நாக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஆனால் ஆரஞ்சு நிறம் செத்துக் கிடந்தது. நிறத்தைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று கேமராவே நெருப்பின் சிவப்பைக் கழுவிவிடுகிறது. அதை ஆட்டோவிலிருந்து எடுத்து, சூரியன் படம் போட்ட இடத்தில் நிறுத்தினேன். இரண்டாவது நெருப்பில் நிறம் வந்தது. ஃபோகஸ் மட்டும் ஆடுகிற தீயைத் துரத்திக்கொண்டு முன்னும் பின்னும் அலைந்தது. அதையும் கைக்கு மாற்றினேன். மூன்றாவதில் இடத்தை மாற்றிப் பக்கவாட்டுக்குப் போனேன். தீக்குப் பின்னால் ஆளை வைத்தால் அனல் காற்றில் முகம் நெளிகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் கண்ணாடியில் பளபளப்பும் குறைந்தது.

எல்லாம் சரி. முகம் மட்டும் கரிக்கட்டை. நெருப்புக்கு வைத்தால் முகம் போகிறது, முகத்துக்கு வைத்தால் நெருப்பு போகிறது. நாலாவது தட்டும் எரிந்து அணைந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மணி ஆறைத் தாண்டியிருந்தது. ஷெட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கி, மைதானத்தில் நிழல் பரவிக்கொண்டிருந்தது. நாலாவது நெருப்பில் எடுத்த கடைசிப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். அந்தப் பையனின் கன்னத்தில் லேசாக ஒரு சிவப்பு விழுந்திருந்தது. அட முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இவ்வளவு நேரம் வெயிலோடு மல்லுக்கட்டினேன். வெயில் போய்விட்டால் அந்த நெருப்பேதான் விளக்கு! முகத்துக்கு வேறு வெளிச்சமே வேண்டாம்.

ஆனால் ஒரு விளக்கு முகத்தில் விழ வேண்டும் என்றால் கிட்டே போக வேண்டும். தள்ளி நின்றால் விழாது. தீபலட்சுமி நிற்கிற தூரத்துக்குப் போதாது. இன்னும் இரண்டு எட்டு முன்னால் வந்து, சிலிண்டரை அமுக்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பவுடர் வந்துவிட்டால் எல்லாம் வெள்ளைப் புகை.

இதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வெந்த கழுத்தோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் போய், என் படம் நன்றாக வரும், நீ நெருப்புக்கு இன்னும் கிட்டே போ என்றா? எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

“வேணாம்னா சொல்லுடி. ஃப்ளாஷைப் போட்டு, கம்ப்யூட்டர்ல வேலை பார்த்து எப்படியாவது தேத்திக் குடுத்துடறேன்.”

அவள் காலித் தட்டைப் பார்த்தாள். “தேத்துன படம் அம்மாகிட்ட எடுபடாதுக்கா” என்றாள். பிறகு, “எனக்கும் அது வேணாம்” என்றாள்.

பிரசன்னாவிடம் கேட்டோம். “ரெண்டரை மீட்டர். அதுக்குமேல ஒரு இஞ்ச் கிட்ட போகக் கூடாது. மூணு எண்ணலாம். நாலு கெடையாது” என்றார். தானும் ஒரு சிலிண்டரை எடுத்துக்கொண்டு, படத்தில் விழாத தூரத்தில் அவளுக்குப் பக்கமாக வந்து நின்றார். கண்டிப்பான மனுஷன்தான். ஆனால் அவர் அப்படி நின்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். அவளை அங்கே நிறுத்தி, பற்றவைப்பதற்கு முன்பே அவள் கண்ணில் ஃபோகஸ் வைத்து, லென்ஸ் வளையம் அசையாமல் டேப் ஒட்டினேன். லென்ஸை முழுக்கத் திறந்தேன். தீயின் நாக்கு இழுபடாமல் நிற்க வேண்டும் என்று ஷட்டரை ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தேன். இருட்டுக்கு ஈடுகட்ட ஐஎஸ்ஓ எண்ணூறு. மணி ஆறரை. வானம் ஊதாவாகிவிட்டது. “ஆண்டவரே, இந்தத் தரம் என் கையைச் சும்மா இருக்கச் சொல்லும்” என்று ஜெபம் செய்தேன். வெட்கமில்லாமல் சத்தமாகவே செய்தேன்.

தட்டு பிடித்தது. மைதானமே சிவந்தது. அவள் நடந்தாள். கோட்டுக்கு ஒரு எட்டு முன்னால் கால் தயங்கியது. அவளே அந்த எட்டை வைத்தாள்.

“ஒண்ணு” என்றார் பிரசன்னா. நான் பொத்தானை அழுத்தினேன். “ரெண்டு.” எனக்கே கன்னம் சுட்டது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! “மூணு. அடி!”

அடித்தாள். பவுடர் தட்டின் முன் விளிம்பில் போய் விழுந்தது. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று வீசி வீசித் தள்ளினாள். தீ பின்வாங்கி, ஓர் ஓரத்தில் ஒண்டி, அணைந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அவள் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாள். திரையைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள்.

“சொல்லுங்கக்கா.”

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பெரிதாக்கினேன். முதல் படத்தில் கண் மூடியிருந்தது. இரண்டாவதிலும் மூடியிருந்தது. மூன்றாவதிலும். நாலாவதைத் தள்ளினேன். திறந்திருந்தது! ஐந்தாவதில் இன்னும் நன்றாகத் திறந்திருந்தது. ஒரு பக்கம் நெருப்பு, ஒவ்வொரு நாக்கும் தனித்தனியாக. எதிரில் அவள் முகம், அந்த நெருப்பின் வெளிச்சத்திலேயே. கழுத்துத் தழும்புகூடத் தெரிந்தது. கேமராவை அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அவள் பார்த்தாள். முன்னால் தள்ளினாள், பின்னால் தள்ளினாள். “இது நானாக்கா?” என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். பவுடரும் கண்ணீருமாக என் சுடிதார் பாழாய்ப்போனது. நானும் அழுததால் திட்டவில்லை.

திரும்பி வருகிற வழியில் பின்னாலிருந்து சொன்னாள். “மூடுனதையும் ஒண்ணு பிரிண்ட் போடுங்கக்கா. தொறந்ததை மட்டும் காட்டினா அது ஏமாத்து.”

“நல்லா வந்ததை மட்டும்தாண்டி குடுக்கணும், அதுதான் எங்க தொழில்” என்றேன். கேட்கவில்லை. அவள் அம்மாவுக்கு ஏற்ற மகள். இரண்டையும் போட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பஜ்ஜி வண்டிக்குப் போனோம். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கன்னியம்மா என்னையும் என் கையிலிருந்த கவரையும் பார்த்தாள்.

“இன்னா ஜோவிம்மா, இவ உன்னையும் இஸ்துகினு வந்துட்டாளா? நான் சொன்னா சொன்னதுதான்.”

“ஒண்ணும் பேசலக்கா. பாருங்க, போதும்.”

கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மேலே இருந்தது கண் மூடிய படம். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “நான் இன்னா சொன்னேன்? பாரு, மூடிக்கினு நிக்கிறா பாரு” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. தான் சொன்னது சரியாகிவிட்டதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

“அடுத்ததையும் பாரும்மா” என்றாள் தீபலட்சுமி.

கன்னியம்மா அடுத்ததைப் பார்த்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். முதல் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். திரும்ப இதைப் பார்த்தாள். சட்டியில் பஜ்ஜி கருகத் தொடங்கியது. நான்தான் கரண்டியை எடுத்து அள்ளிப் போட்டேன்.

“இதுக்கும் அதுக்கும் எத்தினி நேரம்?” என்று கேட்டாள்.

“ஒரு செகண்டுகூட இல்லக்கா.”

“மூடுனா. அப்பால தொறந்துட்டா.”

“ஆமா.”

கன்னியம்மா வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கு ஸ்டவ்வு பத்திக்கிச்சே, நான் வூட்லதான் இருந்தேன்டீ. எதிர்லயே இருந்தேன். நான் கடைக்குப் போயிருந்தேன்னு உன்கிட்ட சொல்லிக்கினு கீறேன், பொய்யி. கண்ண மூடிக்கினேன். நீ அம்மா அம்மான்னு கத்துற, நான் மூடிக்கினு நிக்கிறேன். பக்கத்து வூட்டுக்காரு வந்து சாக்க போட்றவரைக்கும் நான் தொறக்கவே இல்ல. பத்து வருசமா யார்கிட்டயும் சொல்லல.”

தீபலட்சுமி வண்டியைச் சுற்றிக்கொண்டு, இத்தனை வருடத்தில் வராத அடுப்புப் பக்கமாகவே வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “எனக்குந்தாம்மா மொதல்ல மூடிக்கிச்சு” என்றாள்.

“யக்கா, வாயக்கா பஜ்ஜி நாலு” என்றார் வண்டி முன்னால் வந்து நின்ற ஒருவர்.

“இருய்யா!” என்று கன்னியம்மா சீறினாள். “என் பொண்ணு நெருப்பு முன்னால நின்னுகினு கீறா. பாத்துக்கினு கீறேன்ல? பஜ்ஜியாம் பஜ்ஜி!” மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தை அந்த ஆளிடமே நீட்டிக் காட்டினாள். அவர் பாவம், ஒன்றும் புரியாமல், “நல்லா கீதுக்கா” என்றார்.

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “கம்பெனி பஸ்ஸு எத்தினி மணிக்கு?”

“காலைல அஞ்சேமுக்காலுக்கும்மா. பெருங்களத்தூர்ல ஏறணும்.”

“திங்கக்கெயம நானும் வரேன். நீ பஸ் ஏறிப் போறத என் கண்ணால பாக்கணும்.”